யானை வருவது யாருக்கு முதலில் தெரிய வேண்டும்?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் அணிப் பிரதிநிதிகளுக்குமாகத் திருகோணமலையில் நடந்த எமது சங்கத்தின் கல்வி முகாமில் இரண்டாம் நாள் காலை ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, பாதுகாக்கப்பட்ட காடுகளையும் கடலையும் கம்பியில்லாக் கருவிகளால் கண்காணிப்பது பற்றியது. தலைப்பை வாசித்ததும் பின்வரிசையில் ஒரு அண்ணன், “சம்பளப் பிரச்சினையே தீரல்ல, இது நமக்கு எதுக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இன்றைய வேலை.

நேற்று நீங்கள் நிலாவெளியிலிருந்து வள்ளத்தில் புறாத்தீவுக்குப் போய் வந்தீர்கள். கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் பார்த்தவர்கள் சிலர். கரையில் இருந்து மற்றவர்களின் செருப்பைக் காவல் காத்தவர்கள் பலர். உள்ளே பார்த்தவர்கள் முருகைக்கற்களைக் கண்டிருப்பீர்கள். கல் மாதிரித் தெரிந்தாலும் அது உயிர். மிகச் சிறிய பிராணிகள் கோடிக்கணக்கில் சேர்ந்து கட்டிய வீடு. நம்முடைய லயத்தைப் போல ஒரு சுவரை இரண்டு குடும்பம் பகிர்ந்துகொள்ளும் வீடு. 1963இல் அந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2003இல் தேசிய பூங்காவாக்கினார்கள். வனசீவராசிகள் திணைக்களத்து உத்தியோகத்தர்கள் அங்கே காவல் இருக்கிறார்கள். யார் கல்லை மிதிக்கிறார், எந்த வள்ளம் நங்கூரம் போடுகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கலாம். ஆனால் அந்தக் கல்லைக் கொல்லும் பெரிய எதிரி கண்ணுக்குத் தெரியாது. அது தண்ணீரின் சூடு.

கடல்நீர் வழக்கமாகக் கோடையில் தொடும் உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரம் நீடித்தால், முருகை தனக்குள் வாழும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெள்ளையாகிப் போகும். அந்தப் பாசிதான் அதற்குச் சாப்பாடு போடுவது. சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்துக் கடலிலும் முருகைகள் பெருமளவில் அப்படி இறந்தன. திருகோணமலைக் கரை அந்த முறை தப்பியது. அடுத்தடுத்த முறையும் தப்பும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஒரு பாகை கூடியதா என்பதைக் கையை நனைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. செய்மதி சொல்வது கடலின் மேற்பரப்புச் சூட்டை. பத்தடி ஆழத்தில், கல்லுக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று அறிய அங்கேயே ஒரு வெப்பமானியை வைக்க வேண்டும். அந்த வெப்பமானி, ஆள் போய்ப் பார்க்காமல், தானே கரைக்குச் செய்தி சொன்னால் எப்படி இருக்கும்?

அப்படிச் சொல்லும் கருவியைத்தான் சென்சர் என்கிறார்கள். தமிழில் உணரி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது பழக்கம். அரைத்த கொழுந்தைப் பரப்பும் அறையில் சுவரில் இரண்டு வெப்பமானிகள் பக்கம் பக்கமாகத் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து அறையின் ஈரப்பதத்தைச் சொல்வார்கள். அதுவும் உணரிதான். தோட்டக் காரியாலயத்து முற்றத்தில் நிற்கும் மழைமானியும் உணரிதான். ஆனால் அவற்றை ஒருவர் போய்ப் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். கம்பியில்லா உணரி என்பது, அந்தக் கருவியோடு ஒரு பெற்றரி, ஒரு சின்னச் சூரியத் தகடு, உங்கள் கைத்தொலைபேசிக்குள் இருப்பது போன்ற ஒரு ரேடியோ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டியது. அது பெரும்பாலான நேரம் தூங்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளந்து, பக்கத்துக் கருவிக்குச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கும். தூங்காவிட்டால் பெற்றரி தாங்காது.

பக்கத்துக் கருவிக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? நடுக்காட்டில் சிக்னல் இல்லை. சின்னப் பெற்றரிக்கு நெடுந்தூரம் பேசப் பலமும் இல்லை. அதனால் ஒன்று அடுத்ததற்கு, அது அதற்கடுத்ததற்கு என்று செய்தி தாவித் தாவி வந்து, சிக்னல் உள்ள இடத்திலிருக்கும் பெரிய கருவியைச் சேரும். மேற்கணக்கில் பெரட்டுக்கு அடிக்கும் தப்பு கீழ்க்கணக்குக்குக் கேட்காவிட்டால், நடுக்கணக்கில் ஒருவர் கேட்டு மறுபடி அடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விஷயம் அவ்வளவுதான்.

காட்டு உயிர்களைப் பார்க்க இப்படிக் கருவிகளை வைத்ததில் ஆரம்பகாலப் பெயர்பெற்ற முயற்சி 2002இல் நடந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் கிரேட் டக் என்றொரு சிறு தீவு. அங்கே ஒரு கடற்பறவை மண்ணுக்குள் வளை தோண்டி முட்டை இடும். ஆராய்ச்சிக்காரர் வளைக்குள் கையை விட்டுப் பார்த்தால் பறவை கூட்டையே விட்டுப் போய்விடக்கூடும். அதனால் கைக்குள் அடங்கும் 32 கருவிகளை வளைகளிலும் பக்கத்திலும் வைத்துவிட்டு ஆட்கள் விலகிக்கொண்டார்கள். வளைக்குள் என்ன சூடு, எவ்வளவு ஈரம், பறவை உள்ளே இருக்கிறதா என்பதெல்லாம் தானாக வந்தது. கடற்காற்றின் ஈரத்தில் பல கருவிகள் செத்தும் போயின. உப்புக்காற்றும் மழையும் படித்தவர் படிக்காதவர் என்று பார்ப்பதில்லை.

இனி இந்த ஊருக்கு வருவோம். இங்கே துறைமுகத்தில் கடல்மட்டத்தை அளந்து செய்மதி வழியாக அனுப்பும் ஒரு மானி இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்து சமுத்திரத்தைச் சுற்றிலும் இப்படி வைத்தார்கள். இந்த நாட்டில் அதைப் பார்த்துக்கொள்வது நாரா நிறுவனம். சுனாமி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அதுதான் இன்றைய பேச்சின் முதுகெலும்பு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, சுமாத்திராவில் பூமி அதிர்ந்த சில நிமிடத்தில், நம்முடைய கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் இருந்த நிலநடுக்கமானி அதைப் பதிந்துவிட்டது. அலை இந்தக் கிழக்குக் கரையைத் தொட்டது ஒன்றரை மணி நேரத்துக்கும் பிறகு. ஒன்றரை மணி நேரம்! கடற்கரையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடக்கப் பத்து நிமிடம் போதும். கருவிக்குத் தெரிந்தது. கரையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கருவிக்கும் மனிதருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கவில்லை. நான் இன்று சொல்லப்போவது முழுவதும் அந்த வழியைப் பற்றித்தான்.

நீங்கள் இங்கே ரயிலில் வந்திருந்தால் கல்ஓயா சந்தியில் பாதை இரண்டாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று மட்டக்களப்புக்கு. மற்றது கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலைக்கு. அந்தப் பகுதி முழுவதும் யானை நடமாடும் காடு. மின்னேரியா, கவுடுல்ல தேசிய பூங்காக்கள் அங்கேதான். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி அதிகாலை மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன ரயில் அங்கே யானைக்கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தன. ரயில் தடம் புரண்டது. பயணிகள் தப்பியது அதிர்ஷ்டம். யானை பெரிய மிருகம், ஆனாலும் இருட்டில் வளைவில் வரும் சாரதிக்கு அது தெரியும்போது பிரேக் பிடித்துப் பயன் இல்லை. தொடர் வண்டியை நிறுத்த நீண்ட தூரம் வேண்டும்.

ரயில் மட்டும் அல்ல. இந்த மாவட்டத்தில் கந்தளாய், மொறவெவ, சேருவில, மூதூர்ப் பக்கம் வயலிலும் வீட்டுவாசலிலும் யானையைச் சந்திப்பது புதினம் அல்ல. 2019இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 100க்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் செத்தார்கள். அந்த மனிதர்களில் எத்தனை பேர் பெரிய வீட்டுக்காரர்கள் என்று நான் கேட்கத் தேவையில்லை.

யானை வருவதை முன்கூட்டி அறிய முடியுமா? இதில் நம் நாட்டிலேயே நல்ல வேலை நடந்திருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு ஆசை. யானை நமக்குக் கேட்காத குரலில் பேசும். 1984இல் கேட்டி பெயின் என்ற அமெரிக்கப் பெண்மணி போர்ட்லாந்து நகர மிருகக்காட்சிசாலையில் யானைகளின் பக்கத்தில் இருந்தபோது, சத்தம் ஒன்றும் கேட்காமலே காற்று நெஞ்சில் அதிர்வதை உணர்ந்தார். கோவிலில் தவில் அடிக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு அதிர்வு வருமே, அந்த மாதிரி. பிறகு ஒலிப்பதிவு செய்து பார்த்தால், ஆசிய யானை விநாடிக்கு 14 முதல் 24 அதிர்வு வரையுள்ள ஆழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறது. மனிதக் காது சுமார் 20க்குக் கீழே கேட்காது. இந்த ஆழ்ந்த குரலுக்கு ஒரு குணம் உண்டு. மரமும் புதரும் அதை அவ்வளவாகத் தடுக்காது, கிலோமீற்றர் கணக்கில் போகும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியைச் சேர்ந்த ஆசிரியர்களும் மாணவர்களும் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, இந்தக் குரலைக் கேட்கும் மலிவான கருவி ஒன்றைச் செய்து 2017இல் அதைப் பற்றி எழுதினார்கள். ஈலோக் என்று பெயர் வைத்தார்கள். ஒரே கருவி என்றால் யானை இருக்கிறது என்று மட்டும் தெரியும். பல கருவிகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் எங்கே என்றும் தெரியும். சத்தம் ஒரு விநாடியில் சுமார் 340 மீற்றர் போகும். கிட்ட இருக்கும் கருவிக்கு முதலில் கேட்கும், எட்ட இருப்பதற்குக் கொஞ்சம் பிந்திக் கேட்கும். அந்தப் பிந்தலைக் கணக்குப் பார்த்தால் யானை நிற்கும் இடம் வரும். இடி இடித்தால் மின்னலுக்குப் பிறகு எண்ணிப் பார்த்து மழை எவ்வளவு தூரத்தில் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு. சிக்கலும் உண்டு. காற்று பலமாக வீசினால் அதுவும் அதே ஆழ்ந்த குரலில்தான் முழங்கும். பேசாமல் நடக்கும் யானையை இந்தக் கருவி அறியாது. தனி ஆண் யானை பெரும்பாலும் பேசாமல்தான் வரும். அதனால்தான் வேறு இடங்களில் வெப்பத்தைப் பார்க்கும் கமெராக்களை வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் மதுக்கரையில், ரயில் பாதையோரம் 12 கோபுரங்களில் அப்படிக் கமெராக்களை 2024 பெப்ரவரியில் பொருத்தினார்கள். யானை பாதையை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும், அங்கிருந்து ரயில் சாரதிக்குச் சொல்வார்கள், அவர் வேகத்தைக் குறைப்பார். செய்தி போகும் வழி அங்கே முதலிலேயே தீர்மானிக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டிய இடம் மதுக்கரை அல்ல, வால்பாறை. அதுவும் கோயம்புத்தூர் மாவட்டம்தான், ஆனால் மலைமேல். தேயிலைத் தோட்டம், லயம், கொழுந்துக்கூடை, எல்லாம் நம்மைப் போலவே. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கிருந்து அனுப்பப்பட்ட நம் உறவுகளுக்கு வேலை கொடுக்க உண்டாக்கப்பட்ட டான்டீ தோட்டங்கள் நீலகிரியில் மட்டுமல்ல, அங்கேயும் இருக்கின்றன. சுற்றிவரப் பாதுகாக்கப்பட்ட காடு. நடுவில் சுமார் 220 சதுரக் கிலோமீற்றர் தேயிலையும் மனிதரும். யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குத் தேயிலைக்குள் நடந்துதான் போக வேண்டும். வேறு வழி அவற்றுக்கு இல்லை.

நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடன் வேலை செய்தவர்களும் அங்கே ஆண்டுக்கணக்கில் யானையின் பின்னால் நடந்தார்கள். இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் யானை பக்கத்தில் நிற்பது தெரியாமல், வேலை முடிந்தோ கடைக்குப் போயோ பாதையில் நடந்து வரும்போது இறந்தவர்கள். யானை தேடி வந்து கொல்லவில்லை. இருட்டில், வளைவில், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எதிர்பார்க்கவில்லை. அப்படியென்றால் மருந்து என்ன? யானை எங்கே நிற்கிறது என்று பாதையில் நடப்பவருக்குத் தெரிந்தால் போதும்.

முதலில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில், நாடகம் ஓடும்போது அடியில் எழுத்து ஓடவிட்டார்கள்: இன்று மாலை இன்ன தோட்டத்தில் இன்ன நம்பர் தேயிலையில் யானை நிற்கிறது என்று. 2011இலிருந்து கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி, தமிழிலேயே. வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. பிறகு உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளைக் கட்டினார்கள். அந்த விளக்குக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. பதிவு செய்த தொலைபேசியிலிருந்து ஒரு அழைப்புக் கொடுத்தால் எரியத் தொடங்கும். தூரத்திலிருந்தே தெரியும். சிவப்பு மின்னினால் அந்தப் பக்கம் யானை. வீட்டுக்குப் போகிறவர் நின்று யோசிப்பார், சுற்றுப்பாதையில் போவார், இல்லாவிட்டால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போவார்.

அந்த விளக்கை எரிய வைப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? கொழுந்து மலையில் நிற்பவர்களும் காவல்காரர்களும் கடைக்காரர்களும்தான். யானையை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள். கருவியின் எண் அவர்களுடைய தொலைபேசியில் இருந்தது. இதற்காக 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது என்ற பெரிய சர்வதேச விருது கிடைத்தது. நல்லதுதான். ஆனால் எனக்கு விருதைவிடப் பெரிதாகப் படுவது, ஒரு தோட்டத் தொழிலாளி ஒரு அழைப்பில் ஊருக்கே எச்சரிக்கை கொடுக்கலாம், அதற்குத் துரையிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பது. அங்கே பயன்பட்ட கருவி ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. ஒரு பல்பு, ஒரு சிம். வழியைச் சரியாகப் போட்டார்கள்.

நம் மலையில் அந்த வழி எப்படி இருக்கிறது? மீரியபெத்தையைச் சொல்லாமல் நான் இதைப் பேச முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை எழுப்பி வேறிடத்தில் குடியமர்த்துங்கள் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. சொன்னது கோப்பில் இருந்தது. லயத்தில் இருந்தவர்கள் லயத்தில் இருந்தார்கள். இன்று அதே நிறுவனம் மலைநாட்டில் தானியங்கி மழைமானிகளை வைத்திருக்கிறது. அவையும் நான் சொன்ன கம்பியில்லா உணரிகள்தான். அவர்களுடைய கணக்கு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருங்கள். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாகுங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேறுங்கள். இந்த மூன்று எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் தோட்டத்துக்குக் கிட்ட இருக்கும் மானி எது, அது 100ஐத் தாண்டினால் அந்தச் செய்தி எந்த வழியாக, எந்த மொழியில், எத்தனை மணிக்கு உங்கள் லயத்துக்கு வரும் என்று இங்கே கை உயர்த்திச் சொல்லக்கூடியவர் யாராவது இருக்கிறீர்களா?

(யாரும் கை உயர்த்தவில்லை.)

சரி. பின்வரிசை அண்ணனுக்குப் பாதிப் பதில் கிடைத்திருக்கும்.

மறுபாதி கொஞ்சம் கசப்பானது. கருவி யானையை மட்டும் பார்ப்பதில்லை, நம்மையும் பார்க்கும். மஸ்கெலியா, ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குச் சிறுத்தையைத் தெரியும். காட்டோரத்து மரங்களில் சிறுத்தையைப் படம் பிடிக்கக் கமெராப் பெட்டிகள் கட்டுகிறார்கள். முன்னால் சூடான உடம்பு அசைந்தால் தானாகப் படம் எடுக்கும். நல்ல காரியம். 2019இல் கருஞ்சிறுத்தை ஒன்று இந்த நாட்டில் அப்படித்தான் பதிவானது. அடுத்த வருடம் மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை மரக்கறித் தோட்டத்துப் பக்கம் சுருக்குக் கம்பியில் மாட்டிச் செத்துப் போனது. பன்றிக்கு வைக்கும் கம்பி. அதை வைப்பது தப்பு, சங்கம் அதை ஒருநாளும் ஆதரிக்காது. இது வேறு விஷயம் இல்லை, கமெரா ஏன் வருகிறது என்பதற்கான காரணமும் இதுதான்.

ஆனால் அந்தக் கமெராவுக்கு முன்னால் சிறுத்தைக்கு முதல் நடந்து போவது யார்? விறகுக்குப் போகும் நம் பெண்கள். இந்தியாவில் உத்தரகண்டில் கோர்பெட் புலிக்காட்டைப் பற்றி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரிஷாந்த் சிம்லாய் என்ற ஆராய்ச்சியாளர் 14 மாதம் அங்கே தங்கி, சுமார் 270 பேரிடம் பேசி, 2024இல் வெளியிட்டதைச் சொல்கிறேன். புலியைப் பார்க்க வைத்த கமெராவில், மறைவிடம் என்று நினைத்து ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் பதிந்தது. அவர் மனவளர்ச்சிப் பாதிப்புள்ள, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பெண். படம் தொலைபேசிகளில் சுற்றியது. ஊர் ஆட்கள் கோபத்தில் கமெராக்களை உடைத்தார்கள். விறகு பொறுக்கும் பெண்களைக் கலைக்க ஆளில்லா விமானத்தை அவர்கள் தலைக்கு மேல் பறக்க விட்டதும் நடந்தது. வீட்டில் அடி, குடி, தொல்லை எல்லாவற்றிலிருந்தும் ஒரு மணி நேரம் விலகி, நாலு பேர் சேர்ந்து சிரித்துப் பாடும் இடமாகக் காடு அந்தப் பெண்களுக்கு இருந்தது. பாட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு, சத்தம் கேட்டுப் புலி விலகும். கமெரா வந்த பிறகு அவர்கள் பாடுவதைக் குறைத்தார்கள். கமெரா இல்லாத, பழக்கமில்லாத உட்காட்டுக்குப் போனார்கள். அவர் பேசிய பெண்களில் ஒருவர் பிறகு புலி அடித்து இறந்தார்.

கேஸ் விலையை நான் உங்களுக்குச் சொல்லித் தரவேண்டாம். விறகு அடுப்பு நம் வீடுகளில் இன்னும் எரிகிறது. ஆகவே மாதர் அணிச் சகோதரிகள் இதை இலேசாக விடக்கூடாது. கமெராவை உடைக்கச் சொல்லவில்லை. உடைத்தால் வழக்கு நம் தலையில். முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன்: எந்த மரத்தில், எந்தப் பாதையைப் பார்த்து, மனிதர் படம் வந்தால் அதை யார் பார்ப்பார், எப்போது அழிப்பார். பெட்டிக்குப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை வைக்கப் பெரிய செலவு இல்லை.

இந்த ஊரோடு உங்களுக்கு உள்ள உறவையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நாளை காலை மூதூர்ப் பக்கம் போகும்போது கொட்டியாரக்குடாவில் மகாவலி கடலில் விழுவதைக் காட்டுவார்கள். 335 கிலோமீற்றர் ஓடி வந்த ஆறு. கொத்மலை ஓயா, ஹட்டன் ஓயா என்று உங்கள் மலைக்குள் புறப்பட்ட தண்ணீர்தான், சோமாவதி தேசிய பூங்காவின் தாழ்நிலங்களைத் தாண்டி இங்கே வருகிறது. வழியில் மனம்பிட்டியில் இருக்கும் நீர்மட்டமானி உயர்ந்தால், வெருகலிலும் மூதூரிலும் உள்ளவர்கள் சாமானைப் பரணில் ஏற்ற வேண்டும். மலையில் பெய்யும் மழை மலைக்கு மண்சரிவு, இங்கே வெள்ளம். மேலே மானி வைத்தாலும் கீழே மானி வைத்தாலும் அந்த எண் இரண்டு இடத்துக்கும் போக வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசாங்கத் திணைக்களம் எதற்கும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இரண்டு கடிதம் எழுதினால் போதும் என்பது என் யோசனை. ஒன்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, மழைமானி பற்றி. இன்னொன்று காட்டோரத் தோட்டமாக இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, கமெரா பற்றி. பதில் வந்ததும் அதைத் தோட்ட முகாமையுடன் நடக்கும் கூட்டத்தில் வையுங்கள். எச்சரிக்கை வந்தால் அன்று மலைக்கு ஆள் அனுப்பக்கூடாது, அந்த நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது என்பதை எழுத்தில் வாங்க முயலுங்கள். பின்வரிசை அண்ணனே, இப்போது இது சம்பளப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது அல்லவா?

முடிக்கும் முன்பு, நேற்று இரவு ஒரு தங்கை என்னிடம் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். “இந்தக் கருவி பழுதானால் யார் திருத்துவது? குரங்கு பிடுங்கிப் போட்டால்?” என்று கேட்டார். கொழும்பிலிருந்து ஆள் வந்து திருத்த மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதத்துக்குள் மழைக்காலம் முடிந்துவிடும். சூரியத் தகட்டில் படியும் பாசியைத் துடைப்பது, பெற்றரி மாற்றுவது, மழைமானியின் வாயில் விழுந்த இலையை எடுப்பது, இவை ஒரு பிள்ளைக்கு இரண்டு நாளில் சொல்லிக் கொடுக்கக்கூடிய வேலைகள். சாதாரணதரம், உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகும் நம் பிள்ளைகளில் தோட்டத்துக்கு இரண்டு பேருக்கு இந்த வேலையைச் சம்பளத்தோடு கொடுக்கக் கேட்கலாம். ஏணியும் பாதுகாப்புப் பட்டியும் அவர்கள் தர வேண்டும், சொந்தக் கயிற்றில் மரம் ஏறச் சொல்லக் கூடாது.

கடித மாதிரிகள் இரண்டும் தட்டச்சு செய்து மேசையில் வைத்திருக்கிறேன். தோட்டத்தின் பெயரையும் கணக்கின் பெயரையும் நிரப்பினால் போதும். எழுதச் சிரமப்படுபவர்கள் பகல் இடைவேளையில் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.